சுவருக்கு எந்தப் பக்கம் முதுகு

எங்கள் தெருவுக்கு யார் குடிவந்தாலும், சாமான் இறங்குவதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவேன். கட்டிலை முதலில் இறக்குகிறவன் சோம்பேறி. நிலைக்கண்ணாடியைத் தானே கட்டிப்பிடித்து இறக்குகிறவளுக்கு எங்கோ யாரோ காத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் வாடகை வண்டியிலிருந்து முதலில் இறக்கியது ஒரு துணிப்பை. பையின் வாய் சரியாக மூடவில்லை. அதிலிருந்து ஒரு மனிதத் தொடை எலும்பு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

நான் மாடியில் பாய் உதறிக்கொண்டிருந்தேன். அந்தப் பாய் அன்றைக்கு மிகவும் சுத்தமாகிவிட்டது.

எலும்பைக்கூட விடுங்கள், எனக்குப் பெரிய ஆச்சரியம் அவள் நுழைந்த வீடு. அது பூட்டின் வீடு. குப்பைத் தொட்டிக்குக்கூடப் பூட்டுப் போட்ட மனிதர் என்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே காலத்தில் ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவருடைய பின்னறைக்கும் எங்கள் பின்னறைக்கும் அதுதான் பொது. அந்தப் பின்னறையைத்தான் இப்போது வாடகைக்கு விட்டிருந்தார்.

பூட்டின் மனைவியைப் பல மாதங்களாக யாரும் பார்க்கவில்லை. கேட்டால், "அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா" என்பார். போகிறவள் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டா போவாள்? அது அவர்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் தூசி படிந்து கிடந்தது. தினமும் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மருந்துக்கடைக்காரரிடம் சொல்வேன். அவரிடம் சொல்வதும் செய்தித்தாளில் போடுவதும் ஒன்றுதான், அவர் கொஞ்சம் வேகம்.

அன்று மாலையே தேநீர்ப் பாத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"மெடிக்கல் காலேஜ், ஆன்ட்டி. முதல் வருஷம்."

"முதல் வருஷத்துக்கு வயசு கொஞ்சம் கூடுதலாத் தெரியுதே."

"முதல் வருஷத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாப் படிக்கிறேன்" என்றாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

இரண்டாவது கோப்பையில் எல்லாம் வந்துவிட்டது. உடலமைப்பும் உடலியக்கமும் அவளுக்குத் தலைகீழாகப் பாடம். எழுத்துத் தேர்வில் தேறிவிடுவாள், செய்முறையில் போய்விடும். முதல் தடவை, எதிரே உட்கார்ந்திருந்த நோயாளிக்குக் கல்லீரலைத் தவறான பக்கத்தில் தேடியிருக்கிறாள். "கல்லீரல் யாருக்கும்மா, அவருக்கா உனக்கா?" என்று கேட்டாராம் தேர்வாளர். எதிரே இருப்பவருடைய வலது நமக்கு இடது என்பது அவள் கைக்கு ஏறவில்லை. இரண்டாவது தடவை, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரு கிழவரிடம் சொன்னவள், "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாள். தேர்வாளர் கேள்வி கேட்க, இவள் பதில் தேட, அந்தக் கிழவர் சொன்ன சொல் தவறாதவர், கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா காலேஜ்ல வெச்சுக்க மாட்டாங்க ஆன்ட்டி. அதுதான் ரூல். எங்கப்பா நான் மூணாவது வருஷம் படிக்கிறேன்னு ஊர் பூரா சொல்லிட்டிருக்கார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

தெரு அவளுக்கு அரை டாக்டர் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

*

என் பின்னறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டே தலை நரைத்தவள் நான். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காதுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அந்த அறையில் என் தொலைபேசி, ஒரு நாற்காலி, என் கணவர் பகலில் சாயும் கட்டில், சுவரில் ஒரு மாதக் காலண்டர். காலண்டரைத் தூக்கினால் பின்னால் சுவரில் ஒரு வட்டக் கறை இருக்கும். கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைத்துக் காதைக் கொடுத்துக் கொடுத்து வந்த கறை.

"இந்தக் காலண்டர் ஏன் சும்மா சும்மா படபடங்குது? ஃபேன்கூட ஓடலையே" என்பார் கணவர், தூக்கக் கலக்கத்தில்.

"ஜன்னல் சரியா மூடலை" என்பேன். அந்த ஜன்னல் எப்போதும் மூடித்தான் இருக்கும்.

தம்ளர் வழியே பூட்டின் வீட்டிலிருந்து எனக்கு முன்பெல்லாம் ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். தாழ்ந்த குரல். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்போதும் தெளிவாக விழும்.

"அப்புறம்?"

கதை கேட்கிறவர்கள் கேட்கிற "அப்புறம்." ஆர்வமாக, அவசரமில்லாமல். புருஷனும் பெண்டாட்டியும் வழக்காடுகிறார்கள், அவள் அவரைக் கிண்டிக் கிண்டிக் கேட்கிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். மனைவி காணாமல்போன பிறகும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை. அவர் தனியாகப் புலம்புகிறார், மனசாட்சி உறுத்துகிறது என்று அதற்கும் ஒரு முடிவு கட்டினேன்.

அரை டாக்டர் வந்த பிறகு கேட்க நிறையக் கிடைத்தது. அவள் வாய்விட்டுப் படிக்கிற ரகம். இங்கிலீஷில் படித்து, தனக்குப் புரிய மறுபடி தமிழில் சொல்லிக்கொள்வாள். முதலில் எலும்புகள். பிறகு தசைகள், எது எதை இழுக்கிறது என்று. பிறகு ரத்தம் இதயத்தின் எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுகிறது என்று, ஏதோ கூட்டுக்குடும்பத்தில் யார் எந்தக் கதவால் போவது என்பதுபோல. செரிமான மண்டலத்துக்கு வந்தபோது நானே கணவரிடம், "சாப்பிட்டதும் படுக்காதீங்க, இரைப்பைக்கு மேல ஒரு வாசல் இருக்கு" என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

ஒரு மதியம் தம்ளரில் காது வைத்திருந்தேன். அவள், "கல்லீரலிலிருந்து பித்தநீர் கிளம்பி..." என்று சொல்லி, அடுத்து வராமல் திணறினாள்.

"அப்புறம்?"

மிக அருகில் கேட்டது.

ஆக, அறையில் கூட யாரோ இருக்கிறார்கள். என் மனசுக்குள் விளக்கெரிந்தது. அடுத்த நிமிடமே நாலு பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். கதவைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் எலும்புப் பை. மேசைமேல் புத்தகம். வேறு ஒரு ஜீவனுக்கு ஒளிய இடமில்லை.

"யாரு கூடப் படிக்கிறாங்க கண்ணு?"

"நான் மட்டும்தான் ஆன்ட்டி. ஏன்?"

"குரல் கேட்டுதே."

"சுவர் அவ்வளவு மெல்லிசா?" என்று கேட்டாள். நான் பழத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

*

பிறகு தட்டல் தொடங்கியது.

டக் டக். கொஞ்சம் நகர்ந்து, டக் டக். சுவரில் பல்லி நடப்பதுபோல் மேலிருந்து கீழே ஒரு தட்டல். விசாரிக்கப் போனபோது என்னையே நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினாள். இடது கையின் நடுவிரலைத் தட்டையாகப் பதித்து, அதன் கணுவில் வலது நடுவிரல் நுனியால் கொத்த வேண்டும். உள்ளே காற்று இருந்தால் வெறும் டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம் திறந்து வரும். கெட்டியான உறுப்பு இருந்தால் மாவு மூட்டையைத் தட்டியதுபோல் மந்தமாகிவிடும்.

"இது நுரையீரல். கேக்குதா, டொம்முனு? இங்க பாருங்க, மந்தமாயிடுச்சு. உங்க கல்லீரல். எதிர்ல நின்னா என் இடது கைப் பக்கம்தான் வரும். இடது கை, இடது கை" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. இப்ப அது ஒரு விரல் கீழே இறங்கும். நுரையீரல் விரிஞ்சு தள்ளும் இல்லையா."

நான் பிடித்தேன். அவள் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் அவள் கையைக் கிள்ளினேன்.

"ஐயோ, விடுங்க ஆன்ட்டி, மூச்சை விடுங்க."

இந்தப் பிள்ளைகள் கிடைத்ததையெல்லாம் தட்டிப் பழகுவார்களாம். மேசை, பெட்டி, தூங்குகிற தோழி. ஆள் கிடைக்காதபோது இவளுக்குச் சுவர்.

சில நாள் கழித்து அவளே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சாக்பீஸ் பொடி.

"ஆன்ட்டி, கொஞ்சம் வரீங்களா? என் காது சரியா இருக்கான்னு பார்க்கணும்."

மதிய வெயில் அவள் அறைக்குள் முழுதாக விழுந்திருந்தது. பயப்பட எதுவும் இல்லாத வெளிச்சம். நடுச்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். எந்த இடத்தில் மந்தமாகிறதோ அந்த இடத்தைப் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்திருக்கிறாள்.

நெஞ்சு உயரத்துக்குக் கீழே வலது ஓரத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய கோடு. அதற்குச் சற்று மேலே, நடுவிலிருந்து இடது பக்கம் சாய்ந்து, முஷ்டி அளவுக்கு ஒன்று. மற்ற இடமெல்லாம் டொம் டொம் என்று திறந்த சத்தம்.

"ஈரம் இறங்கியிருக்கும்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். விரலை இங்க வைங்க."

ஆப்புக் கோட்டின் கீழ் விளிம்பில் என் விரலை வைத்து, என் விரல்மேல் அவள் தட்டினாள். திறந்த சத்தம்.

மறுபடி தட்டினாள். திறந்த சத்தம்.

மறுபடி.

மந்தம்.

நாங்கள் இருவரும் அசையவில்லை. என் விரலும் அசையவில்லை.

மறுபடி, திறந்த சத்தம்.

அந்த விளிம்பு என் விரலுக்குக் கீழே இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். தூங்குகிறவர்கள் வயிறுபோல.

சுண்ணாம்பு நனைந்த வாசனை எங்கிருந்தோ லேசாக வந்தது.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சரியாகச் சொன்னால் ஒருவிதமான திருப்தி. இத்தனை மாதமாக நான் சொன்னேனே, யாராவது கேட்டார்களா? பூட்டு தன் மனைவியை எங்கே வைத்துப் பூட்டியிருக்கிறார் என்பது இதோ சாக்பீஸால் எழுதியிருக்கிறது. மூச்சு விடுகிற பிணம் உண்டா என்ற கேள்வி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன்.

ஆனால் படத்தில் ஏதோ உறுத்தியது. நானும் பாதி டாக்டர் ஆகியிருந்தேனே.

"கண்ணு, கல்லீரல் உன் இடது கைப் பக்கம் வரணும்னுதானே சொன்னே? இது வலது பக்கம் இருக்கே."

அவள் சுவரைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். காது மடல்வரை சிவந்துபோனாள்.

"அதே தப்பு" என்றாள் மெதுவாக. "மறுபடி அதே தப்பு. நான்தான் எனக்குத் தோணின மாதிரி போட்டிருக்கேன். படிச்சுப் படிச்சு மூளை குழம்பிடுச்சு ஆன்ட்டி." ஈரத்துணியை எடுத்துக் கோடுகளை அழித்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சேச்சே" என்றேன். நேராக மருந்துக்கடைக்குப் போனேன்.

*

மறுநாள் காலை பூட்டின் வாசலில் அரைத் தெரு. முன்னால் மருந்துக்கடைக்காரர், அவருக்குப் பின்னால், மிகவும் தள்ளி, நான்.

"உங்க வீட்டம்மா எங்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க பாட்டுக்குப் போயிடுவோம் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "இல்லேன்னா போலீஸுக்குச் சொல்ல வேண்டிவரும்."

பூட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னிடம் வந்தபோது பார்வை கொஞ்சம் நின்றது. உள்ளே போனார். தொலைபேசியில் யாருடனோ இரண்டு வார்த்தை. பிறகு தானே போய் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"உடைச்சுப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே பூசிக் குடுங்க."

அரை டாக்டர் தன் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

கொத்தனார் ஆப்புக் கோடு இருந்த இடத்தில் உளியை வைத்தார். காரை உதிர்ந்தது. ஒரு செங்கல் ஆடி வெளியே வந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் காரை, அதையும் தட்டினார். ஓட்டை விழுந்தது. அதில் கண் வைத்துப் பார்த்தார்.

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன வேணும்?"

கொத்தனார் உளியைத் தன் காலில் போட்டுக்கொண்டார். குரல் என் கணவருடையது. கட்டிலில் படுத்திருந்தவர் தலைமாட்டில் மண் விழுந்து எழுந்திருக்கிறார்.

"ஒத்தைச் செங்கல் சுவருங்க" என்றார் கொத்தனார், காலைத் தேய்த்துக்கொண்டே. "இதுக்குள்ள பூனைகூட நிக்க முடியாது. இந்தப் பக்கம் இவங்க ரூமு, அந்தப் பக்கம் அந்த அம்மா ரூமு. நடுவுல ஒண்ணும் இல்லை."

மதியத்துக்குள் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. பூட்டின் மனைவி இறங்கினாள். பெட்டியைக்கூட எடுக்காமல் கூட்டத்தை விலக்கிப் பின்னறை வாசலுக்கு வந்தாள்.

"யாரு என்னைச் சுவருக்குள்ள வெச்சுப் பூசினது?"

ஜன்னல் விளிம்பிலிருந்த மூக்குக்கண்ணாடியை மருந்துக்கடைக்காரர் பரிதாபமாகக் காட்டினார்.

"அது பழைய பவர்" என்றாள்.

பூட்டுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அரை டாக்டரைப் பார்த்து, "எல்லாம் உன் தட்டலால வந்தது. நாளைக்கே ரூமைக் காலி பண்ணு" என்றார்.

தேர்வுக்குச் சில நாள்தான் இருந்தது. அந்தப் பெண் எலும்புப் பையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வாயைக் கட்ட ஆரம்பித்தாள். முடிச்சு விழவில்லை.

"அவ எங்கயும் போக வேண்டாம்" என்றாள் பூட்டின் மனைவி. "பரீட்சை முடியட்டும். நானும் முடியிற வரைக்கும் இங்கதான் இருக்கேன்." பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க என்னதான் கேட்டீங்க, எங்களைப் பத்தி இப்படி நினைக்கிறதுக்கு?"

மழுப்பிப் பார்த்தேன். நடக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இந்தப் பின்னறையில பேசிக்கிறது காதுல விழும்" என்றேன். "வருஷக்கணக்கா."

அவள் தன் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் ஒரே மாதிரி ஓடிய குழப்பத்தை அன்றுதான் பார்த்தேன்.

"இந்த ரூம் பழைய சாமான் போட்டுப் பூட்டியில்ல இருந்தது" என்றாள். "இந்தப் பொண்ணுக்காகத்தான் திறந்திருக்கார். அதோட, நாங்க பேசிக்கிறதே கிடையாதே. அதனாலதானே நான் அக்கா வீட்டுக்குப் போனேன்."

*

கொத்தனார் செங்கல்லை வைத்துப் பூசிவிட்டுப் போனார். தெரு என்னைக் கொஞ்ச நாள் வைத்துச் சிரித்தது. நான் பின்னறைத் தொலைபேசியில் என் தங்கையிடம் நடந்ததையெல்லாம் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசும்போது காலண்டர் தாள் முழங்கையில் உரசிக்கொண்டே இருந்தது. தள்ளிவிட்டுப் பேசினேன்.

அரை டாக்டர் மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டாள். வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மட்டும் குழாயடியில் என்னிடம் கிசுகிசுத்தாள்.

"புதுப் பூச்சு காய்ஞ்சதும் தட்டிப் பார்த்தேன் ஆன்ட்டி. அதே இடத்துல இருக்கு. அதே தப்பான பக்கத்துல."

"அப்ப தட்டாதே" என்றேன். அதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

தேர்வு முடிந்தது. முடிவு வந்த அன்று அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தேறிவிட்டாள். கல்லூரி விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டது, அன்றே கிளம்புகிறாள். சாமான் ஏறும்போது கடைசியாக ஏறியது எலும்புப் பை, இம்முறை வாயை நன்றாகக் கட்டியிருந்தாள். எல்லாம் ஏறிய பிறகும் அவள் ஏறவில்லை. என் வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லாம போலாம்னுதான் பார்த்தேன்."

"சொல்லு கண்ணு."

"பரீட்சையில என் நோயாளியை எனக்கு எதிரா உட்கார வைக்கலை. முதுகைக் காட்டி உட்கார வெச்சாங்க. முதுகுப் பக்கம் தட்டச் சொன்னாங்க. தட்டினேன். கல்லீரல் என் வலது கைப் பக்கம் வந்துது." அவள் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "முதுகுப் பக்கம் நின்னா அவங்க வலதும் நம்ம வலதும் ஒண்ணுதான். மாறாது. தப்பு பண்ணவே முடியாது. அதனாலதான் நான் பாஸ்."

"நல்லதுதானே."

"சுவர்லயும் வலது கைப் பக்கம்தான் இருந்துது ஆன்ட்டி."

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபடாததுபோல் நின்றேன் என்றும் சொல்லலாம்.

"நான் தப்பாப் போடலை. சரியாத்தான் போட்டேன். அது எனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னுட்டிருக்கு."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அப்போ முகம்?" என்றேன்.

அவள் என் தோளுக்கு மேலே, என் வீட்டுக்குள், பின்னறைக் கதவைப் பார்த்தாள். பிறகு என் கையை அழுத்திவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினாள்.

*

கணவர் கடைக்குப் போயிருந்தார். நல்ல பகல். பின்னறைக்குள் போனேன். காலண்டரைத் தூக்கிப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். வட்டக் கறை என் முகத்துக்கு நேராக இருந்தது. இத்தனை வருடமும் நான் காதை வைத்த இடம். அந்தப் பக்கம் நிற்பது எதுவாக இருந்தாலும் அதன் வாய் எங்கே இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

விரலைப் பதித்தேன். அவள் சொல்லிக்கொடுத்தபடி தட்டினேன்.

வலது கைப் பக்கம், டொம்.

இடது கைப் பக்கம், மந்தம்.

எதிரே நின்றால் இடது கைப் பக்கம்தான் வரும்.

நடுவிலிருந்து வலப்புறம் சாய்ந்து இன்னொரு மந்தம், முஷ்டி அளவு. அதில் விரலைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டேன். விரலுக்கடியில் ஏதோ லேசாக இடித்தது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. என் நாடியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான். கல்லீரலின் கீழ் விளிம்பில் விரலை வைத்தேன். சுவரோடு சுவராக வாயைக் கொண்டுபோய்க் கிசுகிசுத்தேன்.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க."

தட்டினேன்.

விளிம்பு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது.

அங்கேயே நின்றது.

சொன்னதைக் கேட்கிறது. கவனமாக, அடக்கமாக, அடுத்த சொல்லுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. நான் கதவை இடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்து தெருவில்தான் நின்றேன்.

விடச் சொல்லவில்லை.

மறுநாள் போய்த் தட்டினேன். விளிம்பு இறங்கியபடியே இருந்தது. அதற்கடுத்த நாளும். பழைய ஆணியிலேயே திருப்பி மாட்டியும் காலண்டர் ஒரு முறைகூடப் படபடக்கவில்லை. வீடே எதையோ அடக்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நான் அந்த அறையில் பேசுவதை நிறுத்தினேன். தங்கை அழைத்தபோது எடுக்கவில்லை. மருந்துக்கடைப் பக்கமே போகவில்லை.

"வீடு ரொம்ப அமைதியா இருக்கே" என்றார் கணவர். "உடம்புக்கு முடியலையா?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தம்ளரையும் சேர்த்து. மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"உன்கிட்ட மாட்டினா அப்படித்தான். நான் கல்யாணத்தன்னிக்குப் பிடிச்ச மூச்சு, இன்னும் விடலை."

"ஏங்க, விளையாடாதீங்க."

"பாவம்டி, யார் வீட்டுப் பிள்ளையோ." எழுந்து பின்னறைக்குப் போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. காலண்டரை ஆணியில் நேராக்கினார். அதன் முன்னால் நின்று, தேர்வாளர் தோரணையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஐயா. மூச்சை விடுங்க."

ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் மூடியிருந்தது.

காலண்டரின் அடித்தாள் அசைந்தது.

பிறகு எல்லாத் தாள்களும் சேர்ந்து, மெதுவாக, சுவரைவிட்டு எழுந்தன. எழுந்து அவர் முகத்துக்கு நேராகப் படுக்கைவாட்டில் நின்றன. அவருடைய நெற்றி முடி பின்னால் பறந்தது. நனைந்த சுண்ணாம்பு வாசனை, வெதுவெதுப்பாக, என்மேலும் பட்டது. அது நிற்பதாக இல்லை. நான் எத்தனை நாள் பிடித்து வைத்திருந்தேனோ அத்தனையும் வெளியே வந்தது.

தாள்கள் இறங்கின. சுவரில் படிந்தன.

படிந்த தாளின் நடுவில், தம்ளர் வாய் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் உள்ளே குழிந்தது.

இழுக்கிறது.

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் மட்டும் இருந்தது.

தம்ளர் இல்லாமலே கேட்டது. நெருக்கமாக, பழகிய குரலில், ஆசையாக.

"அப்புறம்?"